பசுமை வளையமும் மான்ய விதிகளும்

பாலக்காட்டுக் கணவாயில் கார்த்திகை மாதத்தில் வீசத் தொடங்கும் கிழக்குக் காற்று மாசி வரையில் ஓய்வதில்லை. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. இவ்விரண்டிற்கும் இடையே மேற்குத் தொடர்ச்சி மலை சுமார் 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்திற்கு அறுபட்டுக் கிடக்கிறது. கோயம்புத்தூர்ச் சமவெளியின் வறண்ட காற்று இந்த ஒரே வாயிலில் நெருக்கிக்கொண்டு புகுவதால் அதன் வேகம் மிகுகிறது. இக்காற்றை நம்பியே கேரள மின்சார வாரியம் தன் முதல் காற்றாலைப் பண்ணையைக் கஞ்சிக்கோட்டில் 1995ஆம் ஆண்டில் அமைத்தது. 225 கிலோவாட் திறனுள்ள ஒன்பது சுழலிகள் அங்கே நிறுவப்பட்டன. மின்சாரம் தரும் அதே காற்று, ஆலைப் புகையையும் நெடுஞ்சாலைப் புழுதியையும் வாரிக்கொண்டு மேற்கே உள்ள குடியிருப்புகளின்மேல் கொட்டவும் செய்கிறது. காற்று ஓய்ந்ததும் வெயில் தொடங்குகிறது. 2024ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில் பாலக்காட்டின் உஷ்ணநிலை 41 டிகிரி செல்ஷியசைக் கடந்தது. பசுமை நாடு என்று பெயர் பெற்ற கேரளத்தில் வெப்ப அலை எச்சரிக்கை விடுக்கப்பட்டது.

இத்தகைய ஊர்களுக்கு மரங்களாலான ஒரு பசுமை வளையம் வேண்டும் என்பதை மறுப்பார் இலர். அதற்கான செலவைத் தாங்குவது யார், எந்த விதிப்படி என்பதே கேள்வி. மத்திய அரசிடம் இதற்கென்று பணம் இருக்கிறது, திட்டமும் இருக்கிறது. ஆயினும் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லையோர ஊர்களில் எங்கே மரம் மிகவும் வேண்டுமோ அங்கே அப்பணம் சென்று சேரும் வழி அடைபட்டிருக்கிறது. அந்த அடைப்பு எத்தகையது, அதை நீக்குவது எவ்வாறு என்பதைப் பற்றி என் கருத்தை இங்கே எழுத விரும்புகிறேன்.

முதலில் திட்டத்தைப் பார்ப்போம். 2020ஆம் ஆண்டு உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 அன்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் நகர் வனத் திட்டத்தை அறிவித்தது. ஐந்தாண்டுகளில் 200 நகர் வனங்கள் என்பது தொடக்க இலக்கு. பின்னர் அது 400 நகர் வனங்கள், 200 நகர் வாடிகைகள் என்று விரிக்கப்பட்டு, 2020-21 முதல் 2024-25 வரையில் ரூ.895 கோடி செலவு மதிப்பிடப்பட்டது. இலக்கு அதன் பின்னும் உயர்த்தப்பட்டது. நகர் வனம் என்றால் 10 முதல் 50 ஹெக்டேர். வாடிகை என்றால் 1 முதல் 10 ஹெக்டேர். ஹெக்டேருக்கு ரூ.4 லட்சம் மான்யம். நிலம் நகருக்குள் உள்ள காட்டு நிலமாகவோ, நகரசபை ஒதுக்கித் தரும் வெற்று நிலமாகவோ இருக்கலாம். புனே நகரில் வார்ஜே என்னுமிடத்தில் மொட்டைக் குன்றாகக் கிடந்த நிலத்தில் வனம் எழுப்பப்பட்டதே இதற்கு முன்மாதிரியாகக் காட்டப்பட்டது.

இப்பணம் வரும் ஊற்றுக்கண்ணும் அறியத்தக்கது. காட்டு நிலத்தை அணைக்கோ, சுரங்கத்திற்கோ, சாலைக்கோ எடுத்துக்கொள்பவர்கள் ஈடாகச் செலுத்தும் தொகை அது. 2016ஆம் ஆண்டின் ஈடுசெய் காடுவளர்ப்பு நிதிச் சட்டத்தின்படி அத்தொகையில் 90 சதவீதம் மாநிலங்களுக்கும் 10 சதவீதம் தேசிய நிதிக்கும் போகிறது. நகர் வனங்களுக்கு மான்யம் தரப்படுவது இத்தேசிய நிதியிலிருந்துதான். இந்த ஈட்டுத்தொகை முறைக்கே அடிகோலியது, நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்காகும். கூடலூர்க் காடுகள் அழிவதைத் தடுக்கவே அவர் நீதிமன்றம் சென்றார். பாலக்காட்டுக்கு வடக்கே நிற்கும் மலையிலிருந்து பிறந்த நிதி, அம்மலையின் அடிவாரத்து ஊர்களுக்குக் கிட்டாமற் போவது விந்தையான நிலைதான்.

கிட்டாமைக்குக் காரணம் ஒரே ஒரு சொல். திட்டத்தின் பயனைப் பெறத் தகுதியுள்ளவை மாநகராட்சியோ, நகராட்சியோ, பிற நகர்ப்புற உள்ளாட்சி மன்றமோ உள்ள ஊர்கள் மட்டுமே. பாலக்காடு நகரசபைக்கு இதில் இடர் இல்லை. அது 1866 முதல் நகரசபையாக இருந்துவருகிறது. சித்தூர்-தத்தமங்கலமும் நகரசபைதான். இடுக்கி மாவட்டத்தில் தொடுபுழையும், 2015 முதல் கட்டப்பனையும் நகரசபைகள். ஆனால் கஞ்சிக்கோடு எந்த நகரசபையிலும் அடங்கியதன்று. அது புதுசேரி கிராமப் பஞ்சாயத்தில் இருக்கிறது. (பெயர் ஒலியைக் கொண்டு மத்திய ஆட்சிப் பகுதியான புதுச்சேரியோடு வாசகர்கள் மயங்க வேண்டா.) மூணாறும் கிராமப் பஞ்சாயத்து, தேக்கடியின் வாயிலான குமுளியும் கிராமப் பஞ்சாயத்து. இவ்வூர்களின் கடைவீதியில் அரைமணி நேரம் நின்று பார்த்த எவரும் இவற்றைக் கிராமம் என்று சொல்லத் துணியார். சட்டம் சொல்கிறது.

அரசியலமைப்பு தன் 11ஆம், 12ஆம் அட்டவணைகளில் இவ்வேற்றுமையைப் பொறித்து வைத்திருக்கிறது. பஞ்சாயத்துகளுக்கான அட்டவணையில் சமூகக் காடு வளர்ப்பும் பண்ணைக் காடும் உள்ளன. நகர்ப்புறக் காடும் பூங்காவும் நகரசபைகளுக்கான அட்டவணையில் உள்ளன. 1992இல் இத்திருத்தங்கள் நிறைவேறியபோது கிராமம் ஒருபுறமும் நகரம் மற்றொருபுறமும் தெளிவாகப் பிரிந்து நிற்கும் ஒரு நாட்டை மனத்திற்கொண்டு எழுதினார்கள் போலும். வாளையாற்றிலிருந்து கொச்சி வரையில் ஒரே தெருவாக நீளும் கேரளத்தின் குடியிருப்பு அதற்குள் அடங்குவதில்லை.

இது வெறும் தோற்றமன்று, கணக்கும் இருக்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், 5,000 பேருக்குக் குறையாத மக்கள், சதுர கிலோமீட்டருக்கு 400 பேருக்குக் குறையாத அடர்த்தி, உழைக்கும் ஆடவரில் நான்கில் மூவர் வேளாண்மை அல்லாத தொழிலில் இருத்தல் ஆகிய மூன்றும் அமைந்த ஊர், சட்டப்படி கிராமமாயினும், கணக்கெடுப்பு நகரமாகக் கொள்ளப்படும். கேரளத்தில் இத்தகைய ஊர்கள் 2001இல் 99, 2011இல் 461. அவ்வாண்டில் சட்டப்படி நகரம் என்ற தகுதி பெற்றவையோ வெறும் 59. நகரவாசிகளின் பங்கு பத்தாண்டுகளில் சுமார் 26 சதவீதத்திலிருந்து 47.7 சதவீதமாக உயர்ந்தது. 2015க்குப் பின் நகரசபைகளின் எண்ணிக்கை 87 ஆகவும் மாநகராட்சிகள் 6 ஆகவும் பெருகின. எனினும் இடைவெளி தீரவில்லை. 941 கிராமப் பஞ்சாயத்துகளுள் எத்தனையோ உண்மையில் நகரங்களே.

இனிக் கஞ்சிக்கோட்டைச் சற்று உற்று நோக்குவோம். வழக்கின் முழு உருவமும் அங்கேதான் தெரிகிறது.

கஞ்சிக்கோடு பாலக்காடு நகருக்குக் கிழக்கே, கணவாயின் காற்று வரும் திசையில் இருக்கிறது. மாநிலத்தின் பெரிய தொழிற்பேட்டைகளுள் ஒன்று அது. இரும்பு உருக்கும் ஆலைகளும் அங்கு உண்டு. வாளையாறு-வடக்கஞ்சேரி தேசிய நெடுஞ்சாலை அதனூடே செல்கிறது. மார்கழி, தை மாதங்களில் அங்கே எழும் தூசி காற்றோடு மேற்கே நகர்கிறது. ஆகவே மரவரிசை நிற்க வேண்டிய இடம் புதுசேரி. அதன் பயனில் ஒரு பங்கை அடையும் ஊர் பாலக்காடு. மான்யமோ பாலக்காட்டிற்கு உண்டு, புதுசேரிக்கு இல்லை. குடையைக் காற்று வரும் பக்கம் பிடிக்காமல் முதுகுப்புறம் பிடிப்பது போன்றது இந்த ஏற்பாடு.

தூசியைத் தடுக்கும் மரவரிசை எவ்வாறு வேலை செய்கிறது என்பதை ஒரு சிறிது விளக்குவது நலம். திண்மையான மதில் காற்றைத் தடுத்தால் காற்று அதன்மேல் ஏறிக் குதித்து, மறுபுறம் சுழல் எழுப்பும். புழுதி அச்சுழலில் இன்னும் கிளம்பும். பாதியளவு இடைவெளியுள்ள மரவரிசை அப்படியன்று. அது காற்றில் ஒரு பகுதியைத் தன்னூடே விட்டு, அதன் வேகத்தை மட்டுப்படுத்துகிறது. மரத்தின் உயரத்தைப் போல் பத்து முதல் இருபது மடங்கு தூரம் வரை காற்று தணிந்திருக்கும். 15 மீட்டர் உயர மரங்களானால் 150 முதல் 300 மீட்டர் தூரம் என்று கொள்ளலாம். வேகம் குறைந்த காற்றால் கனத்த துகளைச் சுமக்க இயலாது. அது கீழே படியும். நுண்ணிய துகள்களில் ஒரு பகுதி, சொரசொரப்பும் மயிரும் உள்ள இலைகளில் ஒட்டிக்கொள்ளும். மழை பெய்தால் இலை கழுவப்பட்டு மறுபடியும் வேலைக்கு ஆயத்தமாகும். பாலக்காட்டில் மார்கழி முதல் பங்குனி வரை மழை அரிதாகலின், ஒற்றை வரிசையின் இலைகள் விரைவில் தூசியால் நிறைந்துவிடும். எனவே பல வரிசை வேண்டும். முன்னே குறுஞ்செடி, பின்னே நடுத்தர மரம், அதன் பின்னே நெடுமரம் என்று படிப்படியாக அமைய வேண்டும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2000ஆம் ஆண்டிலேயே பசுமை வளையங்களுக்கென ஒரு வழிகாட்டி நூலை வெளியிட்டிருக்கிறது. அறிவுக்குக் குறைவில்லை.

தண்மை பற்றியும் ஒரு சொல். ஒரு லிட்டர் நீர் ஆவியாவதற்குச் சுமார் 580 கிலோ கலோரி வெப்பம் செலவாகிறது. மரம் இலைவழி நீரை ஆவியாக்கும்போது இவ்வெப்பம் சுற்றுப்புறத்திலிருந்து எடுக்கப்படுகிறது. மரம் குளிர்ச்சி தருவதன் இரகசியம் இதுவே. ஆனால் மண்ணில் ஈரம் அற்றுப்போனால் மரம் தன் இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். சித்தூர்த் தாலுகாவின் கிழக்குப் பகுதிகளில் ஏப்ரல் மாதத்தில் பெரும்பாலும் நேர்வது இதுதான். அப்போது மரத்திடமிருந்து எதிர்பார்க்கத்தக்கது நிழல் மட்டுமே. ஆர்வமிகுதியால் இதை மறைத்து, மரம் நட்டால் ஊரே குளிர்சாதன அறையாகிவிடும் என்று விண்ணப்பத்தில் எழுதுவோர் உண்டு. மான்யம் கேட்போர் இத்தகைய மிகையைத் தவிர்க்க வேண்டும்.

இப்போது ஒரு புதிய நிலைமை தோன்றியிருக்கிறது. 2024 ஆகஸ்டு 28 அன்று மத்திய அமைச்சரவை நாட்டில் 12 தொழில் நகரங்களுக்கு ஒப்புதல் அளித்தது. அவற்றுள் பாலக்காடும் ஒன்று. 1,710 ஏக்கர் பரப்பு, ரூ.3,806 கோடி முதலீடு. நிலம் புதுசேரி மத்தி, புதுசேரி மேற்கு, கண்ணம்பிரா ஆகிய பகுதிகளில் அமைகிறது. தொழில் நகரம் கட்டுவதற்கு அவ்வூரைத் தகுதியுள்ளதாகக் கண்ட மத்திய அரசு, அதே ஊரை நகர் வனத்திற்குத் தகுதியற்றதாகக் காண்பது முரண்பாடல்லவா? திட்ட எல்லைக்குள் பசும்பரப்பு ஒதுக்கப்படும் என்பது உண்மையே. தொழிற்சாலைகள் தம் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பசுமைக்கு விட வேண்டும் என்ற நிபந்தனை நெடுங்காலமாகச் சுற்றுச்சூழல் அனுமதிகளில் இடம்பெற்றுவந்தது. எல்லைச் சுவருக்கு வெளியே, தொழிலாளரும் உழவரும் குடியிருக்கும் தெருக்களுக்கு அந்நிபந்தனை எதையும் தந்ததில்லை.

செலவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 1,710 ஏக்கர் என்பது சுமார் 692 ஹெக்டேர். அதில் பத்தில் ஒரு பங்கான 69 ஹெக்டேர் அளவுக்கு வெளிப்புற வளையம் அமைத்தால், நடப்பு விகிதப்படி மான்யம் ரூ.2 கோடியே 76 லட்சம். மொத்த முதலீட்டில் இது ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

ஆனால் இந்த விகிதமே போதியதன்று என்பது என் இரண்டாவது வாதம். ஹெக்டேருக்கு ரூ.4 லட்சம் என்றால் சதுர மீட்டருக்கு ரூ.40. வேலி, குழி, நாற்று, எரு, மூன்று கோடைக்குத் தண்ணீர், காவலாள் ஆகிய யாவும் இந்த நாற்பது ரூபாய்க்குள் அடங்க வேண்டும். ஜப்பானிய அறிஞர் மியாவாக்கியின் முறைப்படி சதுர மீட்டருக்கு மூன்று நான்கு நாற்றுகளை நெருக்கி நடுவது இப்போது பலருக்கும் விருப்பமானது. இத்தொகைக்குள் அதை நினைத்தும் பார்க்க முடியாது. (காற்றுத் தடுப்பிற்கு அம்முறை பொருந்துமா என்பதும் ஐயமே, அத்தனை நெருக்கம் மதிலைப் போலாகிவிடும்.)

அதைவிட முக்கியமானது நிலத்தின் வடிவம். திட்டம் எழுதியோர் மனத்தில் இருப்பது சதுரமான ஒரு தோப்பு. நம் ஊர்களில் கிடைப்பதோ பட்டை பட்டையான நிலம்: மலம்புழைக் கால்வாய்களின் கரை, கோரையாறு, வாளையாறு, கல்பாத்திப்புழை ஆகியவற்றின் ஓரப் புறம்போக்கு, நெடுஞ்சாலையின் விளிம்பு, இரயில் பாதையின் பக்கம். மூணாற்றிலோ மூன்று ஆறுகளின் கரையன்றி வேறு பொதுநிலம் கடைவீதி அருகில் இல்லையென்றே சொல்லலாம்; மற்றவை தோட்டங்கள். 10 மீட்டர் அகலமும் 1 கிலோமீட்டர் நீளமும் உள்ள ஒரு பட்டையும் ஒரு ஹெக்டேர்தான். 100 மீட்டருக்கு 100 மீட்டர் சதுரமும் ஒரு ஹெக்டேர்தான். ஆனால் சதுரத்திற்கு வேலி 400 மீட்டர். பட்டைக்கு 2,020 மீட்டர். ஐந்து மடங்கு! ஆடும் மாடும் மேய்கின்ற ஊரில் முதல் மூன்றாண்டுகள் வேலியே மரத்தின் உயிர். பரப்பை மட்டும் அளந்து பணம் தரும் விதி, தோப்புக்குச் சாதகமாகவும் வளையத்திற்குப் பாதகமாகவும் முடிகிறது. வேலியின் நீளத்தைத் தனியே கணக்கிட்டு மான்யம் தருவதே நியாயமாகும். கம்பிவேலிக்குப் பதிலாகக் கொங்கு நாட்டு உழவர் வழிவழியாக வளர்க்கும் கிளுவை உயிர்வேலியை ஒப்புக்கொண்டாலும் செலவு பெருமளவு குறையும்.

பட்டைக்கு இன்னொரு குறையும் உண்டு: அது கணக்கில் தெரிவதில்லை. டேராடூனிலுள்ள இந்திய வன அளவை நிறுவனம் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு காட்டுப் பரப்பை அளக்கிறது. ஒரு ஹெக்டேருக்குக் குறைந்த திட்டு அக்கணக்கில் ஏறாது. படத்தின் ஒரு புள்ளியே 23.5 மீட்டர் அகலம் கொண்டது. பத்து மீட்டர் அகல மரவரிசை அப்புள்ளிக்குள் கரைந்துபோகும். காட்டுக்கு வெளியே உள்ள மரங்களை மாதிரி ஆய்வினால் மதிப்பிடும் தனிக்கணக்கு ஒன்று உண்டெனினும், குறிப்பிட்ட பஞ்சாயத்தின் குறிப்பிட்ட வரிசையை அது காட்டாது. வருவாய்ப் பதிவேடுகளிலோ கால்வாய்க் கரை நீர்ப்பாசன இலாகாவினுடையது, சாலையோரம் நெடுஞ்சாலை அதிகாரத்தினுடையது. மரத்தை வளர்க்கும் பஞ்சாயத்திற்கு எதிலும் பெயரில்லை.

கேரள அரசின் ஹரித கேரளம் இயக்கம் இவ்விஷயத்தில் நடைமுறை அறிவோடு நடந்துகொண்டது. 2019 ஜூன் 5 அன்று அது தொடங்கிய பச்சைத்துருத்துத் திட்டம் அரை சென்ட் நிலத்தையும் ஒப்புக்கொள்கிறது. கிராமப் பஞ்சாயத்து, நகரசபை என்ற பேதமும் பாராட்டுவதில்லை. அங்கே பணம் மெலிவு, கைகள் மிகுதி. மத்தியத் திட்டத்திலோ பணம் உண்டு, நெகிழ்வு இல்லை. இரண்டையும் இணைப்பது கடினமான காரியம் அன்று.

மலைநாட்டு ஊர்களுக்கு வருவோம். மூணாற்றைக் கணக்கெடுப்பு அளவுகோலால் அளந்தாலும் பயனில்லை. பஞ்சாயத்தின் எல்லைக்குள் பரந்த தேயிலைத் தோட்டங்களும் சோலைகளும் சேர்ந்திருப்பதால், மக்கள்தொகையைப் பரப்பால் வகுத்தால் அடர்த்தி மெலிந்து தோன்றும். கடைவீதியின் நெரிசல் அந்தச் சராசரியில் மறைந்துவிடும். ஆதலால் ஊரின் சட்டப்பெயரையோ சராசரி அடர்த்தியையோ நம்பாமல், கட்டடங்கள் நெருங்கிய பரப்பைச் செயற்கைக்கோள் படத்திலிருந்தே அளந்து தகுதியைத் தீர்மானிக்க வேண்டும் என்று கருதுகிறேன். ஐதராபாத்திலுள்ள தேசியத் தொலையுணர்வு மையத்திற்கு இது பழகிய வேலை. பஞ்சாயத்துகளுக்கு வாயிலைத் திறந்துவிட்டால் நாட்டிலுள்ள இரண்டரை லட்சம் பஞ்சாயத்துகளும் வந்து நிற்குமே என்று அஞ்சுவோருக்கும் இதுவே மறுமொழி. எல்லோருக்கும் திறக்க வேண்டியதில்லை. பெயரால் கிராமமாகவும் உண்மையில் நகரமாகவும் இருப்பவற்றிற்குத் திறந்தால் போதும்.

மூணாற்றில் எதை நடுவது என்பது பணத்தைவிடச் சிக்கலானது. அங்கே உயர்ந்த சரிவுகளின் இயற்கைத் தாவரம் புல்வெளியும், பள்ளங்களில் ஒடுங்கிய சோலையுமாகும். தேயிலை ஆலைகளின் அடுப்புக்காக வளர்க்கப்பட்ட யூகலிப்டஸும், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வாட்டில் மரமும் அப்புல்வெளிகளில் பெரும்பகுதியை விழுங்கிவிட்டன. விரைந்து வளரும் மரமே வெற்றி என்று மூன்றாமாண்டு முடிவில் எண்ணிப் பார்க்கும் மான்ய விதி, இதே தவற்றை மறுபடியும் செய்யத் தூண்டும். மரமில்லாத புல்வெளியையும் பசுமை வளையம் என்று ஏற்றுக்கொள்ளும் துணிவு அவ்விதிக்கு வேண்டும். பாலக்காட்டுப் பக்கத்தில் இதன் மறுதலையைக் காண்கிறோம். கொழிஞ்சாம்பாறை, சித்தூர் வரப்புகளில் நூற்றுக்கணக்கான ஆண்டுகளாகக் கணவாய்க் காற்றைத் தாங்கி நிற்பது பனை. அதை எந்த மான்ய விண்ணப்பத்திலும் காணமுடிவதில்லை. காய்ப்பதற்கே பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாகும் மரத்தை மூன்றாண்டுத் திட்டத்தில் யார் நடுவார்? புங்கம் அத்தனை தாமதிப்பதில்லை. கோடைத் தொடக்கத்தில் இலையுதிர்ந்தாலும் வெயில் கடுமையாகும்போது தளிர்த்து நிழல் தந்துவிடும். இலுப்பை, நாவல், வேம்பு, ஆற்றோரத்தில் நீர்மருது ஆகியவற்றையும் கலந்து நடலாம்.

யானையையும் மறந்துவிடக் கூடாது. வாளையாறு-கஞ்சிக்கோடு இரயில் பாதையைக் கடக்கையில் யானைகள் அடிபட்டு மாண்ட செய்திகள் பலமுறை வந்திருக்கின்றன. காட்டையும் ஊரையும் தொடர்ச்சியான மரவரிசையால் இணைத்து, அதில் பலாவையும் மாவையும் நட்டால், யானைக்குப் பந்தி விரித்து அழைப்பது போலாகும். மூணாற்றில் ஊரார் படையப்பா என்று பெயரிட்ட கொம்பன் யானை காய்கறிக் கழிவைத் தேடிக் குடியிருப்புக்குள் வந்ததை அறியாதார் இல்லை. அவ்விடங்களில் வளையம் காட்டோடு ஒட்டாமல் இடைவெளி விட்டு அமைவதே அறிவுடைமை. டில்லியில் எழுதப்படும் பொது விதியில் இது இடம்பெற வழியில்லை. ஊரிலிருந்துதான் சொல்லி அனுப்ப வேண்டும்.

காலத்தைப் பற்றிய முரண்பாடு ஒன்று மீதமிருக்கிறது. பாலக்காட்டில் ஜூன் மாத மழையோடு நடுவது பொருந்தும். மழைமறைவில் உள்ள மறையூரிலோ மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் பெய்வது. ஜூன் 5 அன்று விழா எடுத்து நட்ட நாற்று அங்கே காய்ந்து போகும். இரண்டு இடங்களிலும் நாற்றின் முதற்கோடை மார்ச் முதல் மே வரை. நிதியாண்டோ மார்ச் 31இல் முடிகிறது. தண்ணீர் மிகவும் தேவைப்படும் மூன்று மாதங்களின் நடுவே பழைய கணக்கு மூடப்பட்டுப் புதிய கணக்கு திறக்கப்படுகிறது. புதிய ஒதுக்கீடு வந்து சேர்வதற்குள் வெயில் தன் வேலையை முடித்துவிடும். நாற்று நடும் பணத்தையும் தண்ணீர் ஊற்றும் பணத்தையும் தனித்தனியாகப் பிரித்து, பின்னதை மூன்றாண்டிற்கு முன்கூட்டியே வைப்பாக வைத்துவிட்டால் இத்தொல்லை நீங்கும்.

மத்திய விதி மாறும்வரை கைகட்டி நிற்க வேண்டியதில்லை. அரசியலமைப்பின் 243இசட்டி பிரிவின்படி அமைந்த மாவட்டத் திட்டக் குழு, பஞ்சாயத்துகளின் திட்டங்களையும் நகரசபைகளின் திட்டங்களையும் ஒருங்கிணைக்கும் பொறுப்புடையது. காற்று பஞ்சாயத்து எல்லையைப் பார்த்து வீசுவதில்லையாதலால், பாலக்காடு நகரசபையும் புதுசேரிப் பஞ்சாயத்தும் சேர்ந்து ஒரே வளையத் திட்டத்தை அக்குழுவின் வாயிலாக அனுப்புவது முறையானதே. நகரசபையின் எல்லைக்குள் வரும் பகுதிக்கு நகர் வன நிதி. நெடுஞ்சாலை ஓரத்திற்கு, திட்டச் செலவில் 1 சதவீதத்தை மரம் வளர்ப்பதற்கு ஒதுக்கும் 2015ஆம் ஆண்டின் பசுமை நெடுஞ்சாலைக் கொள்கை. தொழிற்பேட்டையின் பக்கத்திற்கு, 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின்படி பெரிய நிறுவனங்கள் இலாபத்தில் 2 சதவீதம் செலவிட வேண்டிய சமூகப் பொறுப்பு நிதி. இவ்வாறு பகுதி பகுதியாகக் கோர வேண்டும். ஒட்டுப்போட்ட சட்டைதான், ஆயினும் மறைக்க வேண்டியதை மறைக்கும்.

குடியிருப்போர் சங்கங்கள் நேரே மான்யம் பெற முடியாது; கிராம சபையிலும் வார்டு சபையிலும் தீர்மானமாக வைத்தே தொடங்க வேண்டும். இப்பகுதிகளின் தமிழ் மக்கள் தங்கள் மனுவைத் தமிழிலேயே எழுதலாம். குறைதீர்க்கும் மனுவை நாட்டில் வழங்கும் எம்மொழியிலும் அளிக்க அரசியலமைப்பின் 350ஆம் பிரிவு உரிமை தருகிறது. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமும் தமிழ்ச் சிறுபான்மையினருக்கு அரசோடு தம் மொழியில் எழுத்துத் தொடர்பு கொள்ள இடமளித்திருக்கிறது. மொழிக்கு அஞ்சி விண்ணப்பத்தை விட்டுவிடுவது தேவையற்றது.

விண்ணப்பத்தில் முதலில் இருக்க வேண்டியவை எண்கள். காற்று எந்த மாதத்தில் எந்தத் திசையிலிருந்து என்ன வேகத்தில் வருகிறது. எந்தத் தெருவில் எவ்வளவு தூசி படிகிறது. எந்தக் கால்வாய்க் கரையில் எத்தனை மீட்டர் அகலம் எஞ்சியிருக்கிறது. கோடையில் கிணற்று நீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது. இவற்றை அளப்பதற்குப் பெரிய கருவிகள் வேண்டா. உயர்நிலைப் பள்ளியின் பௌதிக ஆசிரியரும் மாணவர்களும் ஓர் எளிய காற்றுமானியையும், எடை போட்ட கண்ணாடித் தட்டுகளையும் கொண்டு ஒரு பருவம் முழுவதும் குறிப்பெடுக்கலாம். நுணுக்கமான சோதனைக்கு 2015இல் தொடங்கப்பட்ட பாலக்காடு இந்தியத் தொழில்நுட்பக் கழகம் கஞ்சிக்கோட்டிலேயே இருக்கிறது. தொழில் நகரத்தின் ஆலைகள் இயங்கத் தொடங்கியபின் எடுக்கும் அளவுக்கு, தொடங்கும் முன் எடுத்த அளவு ஒன்று ஒப்பிடுவதற்கு இல்லையென்றால் எந்த வாதமும் நிற்காது. கிழக்குக் காற்று நவம்பரில் எழும். அதற்குள் புதுசேரியின் கிழக்கு எல்லையிலும் மேற்கு எல்லையிலும் இரண்டிரண்டு இடங்களிலாவது தட்டுகளை வைத்துவிட வேண்டும்.